கியூஷூ பயணம்: உள்ளூர் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களுக்கு நேரம் ஒதுக்கலாமா?

ஜன்னலோரம் கேட்டது:

வணக்கம். மார்ச் கடைசியில் அம்மாவும் நானும் ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷூ போகிறோம். ஃபுகுவோகாவில் மூன்று இரவு, குமமோட்டோவில் இரண்டு, ககோஷிமாவில் நான்கு. டோக்கியோ, ஒசாகா பக்கம் இந்தத் தடவை போகவில்லை.

அம்மாவுக்கு 66 வயது. கோட்டை, கோயில் எல்லாம் ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடியும். மீதி நேரத்தில் நிதானமாகக் கடை பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். வழிகாட்டிப் புத்தகத்தில் இவாட்டாயா, ட்சுருயா, யமகட்டாயா என்று மூன்று டிபார்ட்மென்ட் ஸ்டோர் பெயர்கள் இருக்கின்றன. இவற்றில் வாங்குவதற்கு ஏதாவது உண்டா, இல்லை எல்லாம் விலையுயர்ந்த பிராண்டுகள்தானா? சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் தப்பாக நினைப்பார்களா? வரி விலக்கு எப்படி? எனக்கு ஜப்பானிய மொழி பத்து வார்த்தைதான் தெரியும். அம்மா சைவம், முட்டை கலந்த கேக் மட்டும் சாப்பிடுவார்.

---

மேம்பாலம் எழுதியது:

பட்ஜெட் முக்கியம் என்றால் என் யோசனை வேறு. மருந்துக் கடைகள், 100 யென் கடைகள், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் போதும். சாக்லேட், பேனா, முகப்பூச்சு எல்லாம் அங்கேதான் மலிவு. டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஒரு கைக்குட்டை 1,000 யென்னைத் தாண்டும். நான் இரண்டு தடவை போயும் எதுவும் வாங்காமல்தான் வந்தேன். வாங்காமல் வந்தாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

---

நீலக்குடை எழுதியது:

கணவரின் வேலைக்காக ககோஷிமாவில் மூன்றரை வருடம் குடியிருந்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: கட்டாயம் போங்கள். ஒவ்வொரு ஊரிலும் அரை நாள் ஒதுக்குங்கள். மேம்பாலம் சொல்லும் சாமான்களுக்கு அவர் சொல்லும் கடைகள்தான் சரி. ஆனால் ஊரின் சொந்தச் சரக்கை ஒரே கூரையின் கீழ் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடையாது, அதுவும் அம்மாவோடு போகும்போது.

முதலில் நேரம். காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும். ஐந்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். உள்ளூர் முதியவர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்பார்கள். கதவு திறந்ததும் ஒவ்வொரு பிரிவின் முன்னாலும் ஊழியர்கள் நின்று குனிந்து வணக்கம் சொல்வார்கள். முதல் நாள் எனக்குத்தான் சொல்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஆமாம், வருகிற எல்லோருக்கும்தான். நீங்களும் லேசாகத் தலையசைத்தால் போதும்.

தரைத்தளத்தில் முகப்பூச்சும் கைப்பையும் இருக்கும், அது எந்த ஊரிலும் ஒன்றுதான், தாண்டிப் போய்விடுங்கள். நேராகக் கீழே இறங்குங்கள். நிலத்தடி உணவுத் தளத்தை அங்கே ‘டெபாச்சிகா’ என்பார்கள். ஊருக்குள் ஆங்காங்கே இருக்கும் பழைய இனிப்புக் கடை, தேயிலைக் கடை, ஊறுகாய்க் கடை எல்லாம் அங்கே ஆளுக்கொரு கவுன்டர் வைத்திருக்கும். தெருத்தெருவாக அலைய வேண்டியதில்லை. பல இனிப்புகளை ஒன்றொன்றாகவும் தருவார்கள். விரலைக் காட்டி ‘ஹிட்டோட்சு’ என்றால் ஒன்று. அம்மாவும் நீங்களும் ஐந்து கவுன்டரில் ஐந்து ‘ஹிட்டோட்சு’ வாங்கினால் அதுவே ஒரு மாலை டிபன்.

ககோஷிமாவில் யமகட்டாயா. அசாஹிதோரி டிராம் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே ஐரோப்பிய மாளிகை மாதிரி நிற்கும். அதன் தொடக்கம் 1751. நிறுவியவர் தூரத்து வடக்கிலுள்ள யமகட்டா பகுதியிலிருந்து வந்த வணிகர், குசும்பப்பூ வியாபாரம் செய்தவர், அதனால்தான் தென்கோடியில் இருக்கும் கடைக்கு வடக்கூர்ப் பெயர். இதில் எனக்கு மனசு கனக்கும் ஒரு விஷயம் உண்டு. அந்த யமகட்டா மாநிலத்தின் சொந்தக் கடை ஓனுமா, 1700-இல் தொடங்கியது, 2020 ஜனவரியில் திவாலாகி மூடிவிட்டது. டிபார்ட்மென்ட் ஸ்டோரே இல்லாத முதல் மாநிலம் என்று ஆகிவிட்டது யமகட்டா. பிறகு அதே வருடம் தொகுஷிமா, 2024-இல் ஷிமானே, கிஃபு என்று வரிசையாக. யமகட்டாயாவுக்கும் கடன் நெருக்கடி வந்து 2024-இல் மீட்புத் திட்டம் போட்டார்கள். ஆகவே இந்தக் கடைகளை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

யமகட்டாயாவின் கீழ்த்தளத்தில் ‘கின்செய் மஞ்ஜூ’ என்று ஒரு சின்ன உருண்டை வாங்குங்கள். உள்ளே வெள்ளைப் பயறுப் பூரணம், வெளியே முட்டை கலந்த மெல்லிய மாவு. இயந்திரம் அங்கேயே கண்ணெதிரில் சுட்டுத் தள்ளும். சூடு ஆறுவதற்குள் தின்ன வேண்டும். ஏழாவது மாடியில் பெரிய சாப்பாட்டுக்கூடம் இருக்கிறது. மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ் மேல் குழம்பு ஊற்றிய ‘யாக்கிசோபா’வுக்கு ஊரே வரும். மேஜையில் இருக்கும் இனிப்புப் புளிக்காடியைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள், அதுதான் அங்கே வழக்கம். ஆனால் அதில் பன்றி இறைச்சியும் கடல் உணவும் சேரும், உங்களுக்கு மட்டும்தான்.

மேல் மாடிகளில் பாத்திரப் பகுதியையும் கிமோனோப் பகுதியையும் விடாதீர்கள். சட்சுமா கிரிகோ என்ற வெட்டு வேலைப்பாட்டுக் கண்ணாடியைப் பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து, சில பத்தாண்டுகளில் அழிந்து, 1985-இல் மறுபடி உயிர் பெற்ற கலை. தெளிந்த கண்ணாடி மேல் வண்ணக் கண்ணாடியைத் தடிமனாக ஏற்றிச் சாய்வாக வெட்டுவதால், நிறம் ஓரத்தில் அடர்ந்து உள்ளே போகப் போகக் கரையும். சின்னக் கோப்பைக்கே பத்தாயிரங்களில் விலை, வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பாருங்கள். ஓஷிமா ட்சுமுகி பட்டும் அங்கேதான்: மரச்சாற்றில் ஊறவைத்து, அமாமி தீவின் இரும்புச் சத்துள்ள சேற்றில் தோய்த்துத் தோய்த்துக் கறுப்பாக்குவார்கள். முழுக் கிமோனோ நம் கைக்கு எட்டாது. அதே துணியில் தைத்த சின்னப் பை எட்டும். ஃபுகுவோகாவில் ஹக்காட்டா நெசவும் அப்படித்தான், சில்லறைப் பர்ஸ் வாங்கலாம்.

கடைசியாகப் பொட்டலம் கட்டுவது. பணம் வாங்கும்போது ‘கோஜித்தக்கு-யோ தெஸ்-கா’ என்று கேட்பார்கள், சொந்த வீட்டுக்கா என்று அர்த்தம். பரிசு என்றால் ‘புரெசென்டோ’ என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு கவுன்டரில் இருக்கும் அம்மாளின் கையைப் பாருங்கள். தாளை வைர வடிவில் விரித்து, பெட்டியைக் கோணலாக வைத்து, ஒரு மூலையை மேலே ஏற்றி, பெட்டியை அப்படியே ஒரு புரட்டு, இன்னொரு புரட்டு. மடிப்பு விழும் இடத்திலெல்லாம் கட்டைவிரல் ஒருமுறை ஓடும். கடைசி முக்கோணம் சரியாக நடுவில் வந்து உட்காரும்போது ஒரே ஒரு துண்டு டேப். அரை நிமிடம்கூட ஆகாது. நான் காருகான் என்ற இனிப்பின் பெட்டியை வைத்து வீட்டில் எத்தனையோ தடவை முயன்றேன், அந்த முக்கோணம் நடுவில் வரவே வராது. பலருக்குப் பிரித்துக் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், அத்தனை சின்னக் காகிதப் பைகளையும் எண்ணி உள்ளே போட்டுத் தருவார்கள்.

ஒரு நாள் ஊறுகாய் வாங்கிக்கொண்டிருந்தேன். கடையில் ஓடிக்கொண்டிருந்த இசை திடீரென்று மாறியது. கவுன்டரில் இருந்தவர் பேச்சை நிறுத்தாமலே, ஏற்கெனவே தயாராக இருந்த என் காகிதப் பைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டினார். வெளியே வந்தால் மழை. ஜன்னல் இல்லாத கீழ்த்தளத்தில் மழை வந்ததை ஊழியர்களுக்குச் சொல்லத்தான் அந்த இசை. அந்த ஊரை எனக்குப் பிடித்துப் போனது அன்றைக்குத்தான்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நீலக்குடை வரியைத் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

நுகர்வு வரி 10 சதவீதம், உணவுப் பொருளுக்கு 8. ஒரே நாளில் ஒரே கடையில் வரி சேர்க்காத விலையில் 5,000 யென்னோ அதற்கு மேலோ வாங்கினால் பயணிகளுக்கு வரி விலக்கு. டிபார்ட்மென்ட் ஸ்டோரில் இருக்கும் நல்ல வசதி என்னவென்றால், பெரும்பாலான பிரிவுகளின் ரசீதுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள். பையை அங்கே 2,000-க்கும் தேயிலையை இங்கே 3,500-க்கும் வாங்கியிருந்தாலும் சரி. முழு விலையும் கொடுத்து வாங்கிவிட்டு, ரசீது, பொருள், ஒரிஜினல் பாஸ்போர்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு வரி விலக்கு கவுன்டருக்குப் போங்கள். பாஸ்போர்ட் நகல் செல்லாது. அம்மா கார்டில் வாங்கினால் அம்மா பாஸ்போர்ட்தான் வேண்டும். பல கடைகளில் கையாளும் கட்டணமாக 1.55 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், அதாவது 10-க்கு 8.45 கையில் வரும். அன்றே செய்ய வேண்டும், மறுநாள் போனால் கிடையாது. நான் ஒரு முறை அறைக்குப் போய்விட்டு மறுநாள் காலை போய் 2,000 யென்னுக்கு மேல் விட்டேன்.

இன்னொன்று. உணவும் முகப்பூச்சும் வரி விலக்கில் வாங்கினால் ஒரு பையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். நாட்டை விட்டுக் கிளம்பும் வரை பிரிக்கக் கூடாது. அறையில் தின்னப் போகும் இனிப்பை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இது 2026 அக்டோபர் 31 வரை. நவம்பர் 1 முதல் முறையே மாறுகிறது: வரியோடு வாங்க வேண்டும், வாங்கிய 90 நாளுக்குள் கிளம்பும்போது சுங்கத்தில் சரிபார்த்த பிறகு பணம் திரும்ப வரும். ஒட்டிய பை அப்போது இருக்காது. பின்னாளில் இதைப் படிப்பவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டைக் காட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி அட்டை தரும் கடைகளும் உண்டு. உணவுக்குப் பொருந்தாது, துணிக்குப் பொருந்தும். வாங்கும் முன்பே தகவல் மேஜையில் கேட்டுவிடுங்கள்.

---

ஜன்னலோரம் எழுதியது:

ரொம்ப நன்றி. நீலக்குடை, படிக்கும்போதே அம்மா அந்த மடிப்பைக் காகிதத்தில் செய்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். சாப்பாட்டில்தான் பயம். அந்தக் கீழ்த்தளத்தில் அம்மாவுக்கு எது சரி, எது ஆகாது? அப்புறம் துணி அளவு: அம்மா கொஞ்சம் பருமன்.

---

நீலக்குடை எழுதியது:

சமைத்த காய்கறி எதுவும் வேண்டாம். பார்க்கப் பூசணியும் கீரையுமாக இருக்கும், ஆனால் கொதிக்கவைத்த நீர் பெரும்பாலும் மீன் சாறு. இனிப்பான டோஃபு தோலில் சோறு அடைத்த இனாரியும் அப்படியே. காய்கறி தெம்புராவை இறால் பொரித்த அதே எண்ணெயில் பொரிப்பார்கள். பழ ஜெல்லியில் ஜெலட்டின் இருக்கலாம். மீன் சாறு உட்பட அசைவம் எதுவும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டினால் ஊழியர் இன்னொருவரைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் பொருளடக்கத்தைப் படித்துப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். அவசரப்படுத்தாதீர்கள், அவர்கள் சரியாகச் சொல்லத்தான் நேரம் எடுக்கிறார்கள்.

இனி சந்தோஷமான பக்கம். பாரம்பரிய இனிப்புகளில் பெரும்பகுதி பயறு, அரிசி, சர்க்கரைதான். ககோஷிமாவில் காருகான்: வழுவழுப்பான காட்டு வள்ளிக்கிழங்கைத் துருவி அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது. பார்க்க வெள்ளை வெளேரென்று இட்லி மாதிரியே இருக்கும், விரலால் அமுக்கினால் திரும்ப எழும்பும். சிலர் முட்டை வெள்ளை சேர்க்கிறார்கள், அம்மாவுக்கு அது பரவாயில்லை. குமமோட்டோவில் இகினாரி தாங்கோ: தடித்த சர்க்கரைவள்ளித் துண்டு, அதன் மேல் சிவப்புப் பயறுப் பூரணம், இரண்டையும் மாவில் பொதிந்து வேகவைப்பார்கள். சூடாகக் கிடைத்தால் உடனே வாங்குங்கள். நீங்கள் போகும் மாதத்தில் சகுரா மொச்சியும் இருக்கும், உப்பிட்ட செர்ரி இலை சுற்றியது, இலையோடு சாப்பிடலாம். ஊருக்குக் கொண்டுபோக யோகான், அகர் அகரில் இறுக்கிய பயறுப் பாகு, மாதக்கணக்கில் கெடாது.

குமமோட்டோவில் ட்சுருயாவின் கீழ்த்தளத்தில் டெகோபான் தேடுங்கள். காம்புப் பக்கம் குமிழ் வைத்த ஆரஞ்சு. அளந்து பார்த்து இனிப்பு 13 பிரிக்ஸாவது (சர்க்கரையை அளக்கும் அலகு) இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். மார்ச் அதற்கு நல்ல மாதம். விமானத்தில் கொண்டுபோக வேண்டாம், தாவரத் தடுப்பில் பிடிப்பார்கள், அறையில் உரித்துத் தின்னுங்கள். அதே கடையின் கிழக்குக் கட்டடத் தரைத்தளத்தில் கரடி பொம்மை குமமோனின் அறை இருக்கிறது.

தேயிலை: ஃபுகுவோகாவில் யாமே, ககோஷிமாவில் சிரான். இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள். பல கவுன்டரில் சின்னக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். 2024-இல் ககோஷிமா, பறித்து முதல்கட்டமாக உலர்த்திய தேயிலையின் உற்பத்தியில், தேயிலைக்குப் பேர்போன ஷிசுவோகா மாநிலத்தையே முந்தியது. கவுன்டரில் அதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

துணி: பெண்கள் அளவு எண்ணில் இருக்கும். 9 என்றால் நடுத்தரம், 11, 13 என்று மேலே போகும். பெரிய அளவுக்குத் தனி மூலை இருக்கிறதா என்று கேளுங்கள். போட்டுப் பார்க்கும் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். முகப்பூச்சு துணியில் படாமல் இருக்கத் தலையில் போட ஒரு மெல்லிய உறை தருவார்கள், அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கீழ்த்தளத்தில் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அன்றைய உணவுக்குத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிப்பார்கள். மாநகரம் மாதிரி இரவு எட்டு மணி வரை இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், ஏழு மணிக்கே கதவு சாத்தும் ஊர்கள் உண்டு.

---

கடைசிப்பெட்டி எழுதியது:

கியூஷூவுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். வடக்கே ஹனமாக்கியில் மருகான் என்ற கடை 2016 ஜூனில் மூடியபோது ஊர்க்காரர்கள் அதன் மாடிச் சாப்பாட்டுக்கூடத்தை மட்டும் விடவில்லை. 2017 பிப்ரவரியில் அதைத் திரும்பத் திறந்தார்கள். நான் போன அன்று பள்ளிப் பிள்ளைகள், தாத்தா பாட்டிகள், வேலைச் சீருடையோடு வந்தவர்கள் என்று இடமே இல்லை. 25 செ.மீ. உயர ஐஸ்கிரீமைக் குச்சியால்தான் சாப்பிடுகிறார்கள். பக்கத்து மேஜைப் பாட்டி எனக்குக் காட்டித் தந்தார்: உச்சியிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, பக்கவாட்டில் சுற்றிச் சுற்றிக் கிள்ளி எடுக்க வேண்டும்.

---

ஜன்னலோரம் எழுதியது:

திரும்பி வந்துவிட்டோம். பதில் எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

யமகட்டாயாவுக்கு நான்கு நாளில் மூன்று தடவை போனோம். முதல் நாள் கதவு திறந்து எல்லோரும் குனிந்ததும் அம்மா கைகூப்பிவிட்டார். எதிரில் நின்ற பெண் ஒரு நொடி திகைத்து, அவரும் கைகூப்பினார். கின்செய் மஞ்ஜூ பத்து வாங்கினோம், அறைக்கு வந்தபோது மூன்று இருந்தது. தேயிலைக் கவுன்டரில் முதல் நாள் மூன்று வகை குடித்துவிட்டு எதுவும் வாங்காமல் வந்தோம். இரண்டாம் நாள் அதே அம்மாள் எங்களைக் கண்டதும், அம்மா தலையாட்டிய அந்த இரண்டாவது வகையை மட்டும் எடுத்து வைத்தார். நான்கு பொட்டலம் வாங்கினோம்.

ஒரு ஊரில், எந்தக் கடை என்று சொல்லவில்லை, வரி விலக்கு கவுன்டர் கடையைவிட அரை மணி முன்னதாகவே மூடிவிட்டது. கணக்குப்பிள்ளை, உங்கள் பதிவோடு இதையும் சேர்த்துவிடுங்கள்: முதலில் கவுன்டர் மூடும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

சீட்டு விஷயம் நீலக்குடை சொன்னபடியே நடந்தது. ட்சுருயாவில் ஒரு அரிசி உருண்டைக்காக இரண்டு பேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்து, கடைசியில் வருத்தத்தோடு தலையசைத்து, பக்கத்துக் கவுன்டர் வரை கூட்டிப்போய் உப்பு மட்டும் போட்டதைக் காட்டினார்கள். அம்மா அதையும் இரண்டு டெகோபானையும் கோட்டைக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மழை இசை எங்களுக்குக் கேட்கவில்லை, பத்து நாளும் வெயில். காருகான் பெட்டி மட்டும் இன்னும் பிரிக்கப்படவில்லை. முக்கோணம் எந்தப் பக்கம் மடிகிறது என்று அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீலக்குடை, தாளைப் பெட்டியின் எந்த மூலையிலிருந்து தொடங்குவார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா?

---

நீலக்குடை எழுதியது:

பெட்டியின் முகப்பு மேலே பார்த்திருக்கும்போது வலது கீழ் மூலைதான் உங்கள் பக்கத்துத் தாள் முனைக்கு மிக அருகில் வர வேண்டும் என்று எனக்குக் காட்டினார்கள். பிரிக்கும்போது டேப்பை மட்டும் எடுத்துவிட்டு ஒவ்வொரு மடிப்பாகத் திருப்பச் சொல்லுங்கள். தாளில் கோடுகள் அப்படியே நிற்கும். அந்தக் கோட்டைப் பிடித்து மறுபடி கட்டினால் வந்துவிடும்.